அமெரிக்க உளவுத்துறையின் காலநிலை மதிப்பீடு: ஒரு மதிப்புரை

காலநிலை மாற்றத்தை ஓர் அரசின் பாதுகாப்புத் துறை எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்று அறிய விரும்புவோருக்கு, அமெரிக்காவின் 18 உளவு அமைப்புகள் சேர்ந்து தயாரித்து, 2021 அக்டோபரில் வெளியிட்ட தேசிய உளவு மதிப்பீட்டையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 2040 வரையிலான காலத்தை ஆராயும் இந்த ஆவணம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முப்பது பக்கங்களுக்கும் குறைவு என்பதால் ஒரே அமர்வில் படித்துவிடலாம்.

உமிழ்வைக் குறைக்கும் சுமையை யார் ஏற்பது என்ற சச்சரவு; ஆர்க்டிக், ஆற்று நீர், இடம்பெயர்வு ஆகியவற்றால் எல்லைகளில் கூடும் பதற்றம்; வளரும் நாடுகளின் நிலைகுலைவு என மூன்று ஆபத்துகளை அது முன்வைக்கிறது. இவற்றைவிட நான் மதிப்பது அதன் நேர்மையை. வெப்பமும் வறட்சியும் கூடும் என்பதில் காட்டும் உறுதியை, அவை மோதலாக முற்றுமா என்பதில் அது காட்டுவதில்லை. மனிதர்களும் அரசுகளும் எடுக்கும் முடிவுகள் சிக்கலானவை என்பதால் அங்கே தன் நம்பிக்கை குறைவு என்று வெளிப்படையாகவே எழுதுகிறது. வருங்காலப் போர்களைப் பற்றித் தயக்கமின்றித் தலைப்பிடும் ஊடகங்கள் இந்த நிதானத்தைக் கற்க வேண்டும்.

நம் வாசகர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது தெற்காசியப் பகுதி. பெரிதும் பாதிக்கப்படக்கூடியவை என அது குறிக்கும் 11 நாடுகளில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், மியான்மர் ஆகியவற்றுடன் இந்தியாவும் உண்டு. பாசனத்துக்கு இந்தியாவிலிருந்து வரும் ஆற்று நீரையும், வெள்ளத்துக்கு முன் மக்களை வெளியேற்றுவதற்கு இந்தியா தரும் ஆற்று நீரோட்டத் தரவுகளையும் பாகிஸ்தான் நம்பியிருப்பதை அது சுட்டுகிறது. இத்தகைய தரவுகளைப் பகிரவும் வழிசெய்யும் 1960ஆம் ஆண்டின் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா 2025 ஏப்ரலில் நிறுத்திவைத்ததற்குக் காரணம் பஹல்காம் தாக்குதல்தான், காலநிலை அன்று. ஆயினும் அந்தத் தரவுப் பகிர்வு எவ்வளவு எளிதில் அறுந்துபோகக்கூடியது என்பதை அதன்பின் இப்பகுதியைப் படிப்பவர் உணர்வார்.

குறை என்று நான் கருதுவது, ஒவ்வொரு துன்பமும் அமெரிக்க நலனுக்கு என்ன செய்யும் என்ற அளவிலேயே எடைபோடப்படுவது. வரலாறு நெடுகிலும் மிக அதிகக் கரியமில வாயுவை வெளியேற்றிய நாட்டின் அறிக்கை, இனி வெப்பம் எவ்வளவு உயரும் என்பதைத் தீர்மானிப்பதில் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் முக்கியப் பங்கு உண்டு என்று சொல்லும்போது மனம் ஒப்பவில்லை. 2021 டிசம்பரில், காலநிலையை ஐ.நா. பாதுகாப்புச் சபையின் பணிக்குள் கொண்டுவர அயர்லாந்தும் நைஜரும் முன்வைத்த தீர்மானத்தை ரஷ்யா தன் வீட்டோவால் தடுத்தது. இந்தியாவும் எதிர்த்தே வாக்களித்தது. எல்லா நாடுகளும் அமரும் காலநிலை உடன்படிக்கை மன்றத்தில்தான் இதைப் பேச வேண்டும் என்ற இந்தியாவின் வாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது. அப்படி வாதிடும் நம் அரசும், இத்தகைய மதிப்பீடொன்றைத் தன் குடிமக்கள் படிக்கும் வடிவில் வெளியிட வேண்டும்.

2025 மார்ச்சில் வெளியான அமெரிக்க உளவுத்துறையின் ஆண்டு அச்சுறுத்தல் மதிப்பீட்டில் காலநிலை மாற்றம் இடம்பெறவே இல்லை. ஆட்சி மாறும்போது அரசு இணையதளங்களிலிருந்து ஆவணங்கள் நீக்கப்படுவதும் உண்டு என்பதால், படிக்க எண்ணுவோர் இந்த 2021 மதிப்பீட்டை இப்போதே தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.