தெஹிவளை வீட்டின் குசினி

கனடாவிலிருந்து கொழும்புக்கு வரும் எம்மவர் பெரும்பாலும் வெள்ளவத்தையிலேயே தங்குவது வழக்கம். இம்முறை எழுபத்தெட்டு வயதான அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்தார்கள். மாடிக் குடியிருப்பொன்றின் மின்தூக்கியை நம்பியிருக்க மனமில்லாமல், அடுத்த புகையிரத நிலையமான தெஹிவளையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை 12 இரவுகளுக்கு எடுத்தோம். மேல்தளத்தில் வீட்டு உரிமையாளரின் குடும்பம் வசிக்கிறது.

விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து பேலியகொடை வரை நெடுஞ்சாலையில் விரைந்து வந்த வாகனம், அதன்பின் நகருக்குள் ஊர்ந்த நேரமே அதிகம். நள்ளிரவுக்குப் பிறகு இறங்கும் விமானமாகப் பார்த்து வருவது நல்லது.

வீடு துப்புரவாக இருந்தது. படுக்கை விரிப்புகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. நுளம்பு வலையில் ஒரு கிழிசலும் இல்லை. கடற்காற்றின் உப்பு யன்னல் கம்பிகளை அரித்திருந்தது. கரையோர வீடுகளில் அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. கரையோரப் பாதையில் புகையிரதம் போகும்போது தொலைபேசியில் கதைப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கு விழிப்பதில்லை.

என் மனத்தாங்கல் எல்லாம் குசினியைப் பற்றியது. நாங்களே சமைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே ஹோட்டலை விட்டு இந்த வீட்டைத் தேர்ந்தோம். அம்மாவுக்கு உறைப்பும் எண்ணெயும் குறைத்தே சமைக்க வேண்டும். அலமாரியைத் திறந்தால் ஆறு வைன் கிண்ணங்கள், பாண் வாட்டும் இயந்திரம், முட்டை அடிக்கும் கம்பி, கோப்பி வடிக்கும் கண்ணாடிக் குவளை ஆகியவை வரிசையாக நின்றன. தேங்காய் துருவலை இல்லை. இடியப்ப உரல் இல்லை. புட்டு அவிக்க ஒரு நீத்துப்பெட்டியோ குழலோ இல்லை. தேங்காய் இல்லாமல் ஒரு நேரச் சாப்பாடும் இறங்காத நாட்டில், வாசலில் தென்னை நிற்கும் வீட்டில், தேங்காயைத் துருவ வழியில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு என்று யோசித்து அடுக்கியிருக்கிறார்கள். அந்த வெளிநாட்டவர் கணக்கில் நாங்களும் விழுந்துவிட்டோம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் மலையகத்தில் ஹட்டன் பக்கத்தவர். அம்மாவின் முகத்தைப் பார்த்தே விடயம் விளங்கிவிட்டது அவருக்கு.

“அம்மா, எங்கட வீட்டில துருவலை ஒன்று இருக்கு. பின்னேரம் கொண்டு வாறேன்.”

“வேண்டாம் பிள்ளை, நீ சமைக்க என்ன செய்வாய்?” என்று அம்மா மறுத்துவிட்டார்.

மறுநாள் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனோம். மேசை விளிம்பில் பூட்டிச் சுற்றும் துருவலை ஒன்று, இடியப்ப உரல், கீரிச் சம்பா அரிசி, முருங்கைக்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் திரும்பினோம். அன்றிரவு சொதியும் இடியப்பமும் சாப்பிட்ட பிறகுதான் அம்மா அந்த வீட்டைப் பற்றி முதன்முதலாக நல்லதாக ஒரு வார்த்தை சொன்னார்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கனடாவில் 120 வோல்ட், இலங்கையில் 230 வோல்ட் என்பதைத் தெரிந்திருந்தும் மகள் தன் முடி உலர்த்தியைக் கொண்டுவந்து முதல் நாளே எரித்துவிட்டாள். தொலைபேசி மின்னேற்றிகள் இரண்டு மின்னழுத்தத்துக்கும் பொருந்துவதால் அவற்றுக்குப் பழுதில்லை. கூடத்தில் 13 அம்பியர் சதுரமுனைச் செருகிகளும், பழைய படுக்கையறைகளில் உருளைமுனைச் செருகிகளும் இருந்ததால், இரண்டுக்கும் மாற்றி தேவைப்பட்டது.

குளிரூட்டிக்கான மின்கட்டணம் வாடகைக்குப் புறம்பானது என்பது முன்பே சொல்லப்பட்டிருந்தது. எந்த விலையில் என்பது சொல்லப்படவில்லை. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிமுறையில் ஏறுவது; அலகுகள் கூடக் கூட அலகொன்றின் விலையும் கூடும். மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் மின்மானி ஒன்றே என்பதால், எங்கள் பாவனை முழுவதையும் உரிமையாளர் உச்சப் படியின் விலையிலேயே கணக்கிட்டார். நாங்கள் வந்ததால்தான் மின்கட்டணப் பட்டியல் அந்தப் படிக்கு ஏறியது என்ற அவருடைய வாதத்தில் நியாயம் ஓரளவு உண்டு. ஆனால் மேலே அவர்களுடைய குளிரூட்டியும் இரவு முழுவதும் ஓடியதே. பேசி, பாதி வழியில் இணங்கினோம். இனி எங்கே தங்கினாலும் தனி மின்மானி உண்டா, அலகொன்றுக்கு என்ன விலை என்ற இரண்டையும் முற்பணம் அனுப்புவதற்கு முன்னரே எழுத்தில் கேட்டு வாங்குவேன்.

இடையில் பௌர்ணமி விடுமுறையான போயா தினம் ஒன்று வந்தது. இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் பூட்டியிருந்தன; முதல் நாளே மரக்கறி வாங்கி வைத்திருந்ததால் எங்களுக்குச் சிரமம் ஏற்படவில்லை.

புறப்படும் நாளில் அந்தப் பெண் பொருட்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வைன் கிண்ணங்கள் ஆறும் தூசி படிந்தபடி இருந்த இடத்திலேயே இருந்தன. மேசை விளிம்பில் பூட்டியிருந்த துருவலை பட்டியலில் இல்லை. என்னிடம் பேனாவை வாங்கி, கடைசி வரியில் அதையும் தமிழில் எழுதிச் சேர்த்துக்கொண்டார்.