பபிள் ராப்பா, பேப்பரா, ரெட்டைப் பெட்டியா? உடையும் பொருட்களை அனுப்பும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஆன்லைனில் விற்ற கண்ணாடிக் கிண்ணம் தூளாகப் போய்ச் சேர்ந்தால், "இன்னும் நாலு சுற்று பபிள் ராப் சுற்றியிருக்கலாம்" என்றுதான் முதலில் தோன்றும். பல நேரங்களில் பிரச்சினை அதுவல்ல. பெட்டிக்குள் பொருளைச் சுற்றி அடைக்கும் பபிள் ராப், பேப்பர் போன்ற பொதிக்கு வேலை இரண்டு: அடி விழும்போது அதை வாங்கிக்கொள்வது ஒன்று, பொருள் நகராமல் பிடித்து வைப்பது இன்னொன்று. கடையில் கிடைக்கும் பொதிகளில் பெரும்பாலானவை ஒரு வேலையை நன்றாகவும் மற்றதை அரைகுறையாகவும் செய்பவை. எது எதற்கு என்று பிரித்துப் பார்க்காமல் வாங்குவதில்தான் பணமும் போகிறது, பொருளும் போகிறது.

அடியை வாங்குவதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பெட்டி விழுந்த உயரத்தை, பொதி அமுங்கிய தூரத்தால் வகுக்க வேண்டும். இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, 76 செ.மீ. உயரத்திலிருந்து பெட்டி விழுகிறது என்று வைப்போம். பொதி 2 செ.மீ. அமுங்கிப் பொருளை நிறுத்தினால், அதன் எடையைப்போல் சராசரியாக 38 மடங்கு விசை அதன்மேல் விழும். 1 மி.மீ. மட்டுமே அமுங்கினால் 760 மடங்கு. எனவே கெட்டியான பொதி பாதுகாப்பு என்பது தவறு. லேசான ஒயின் கிளாஸைச் சுற்றிக் கனமான தெர்மாகோல் கட்டியை இறுக்கி வைத்தால் அது அமுங்கவே அமுங்காது. அடி முழுவதும் கிளாஸுக்குத்தான். நேர்மாறாக, 4 கிலோ மண்பாண்டத்துக்கு அடியில் மெல்லிய ஃபோம் ஷீட் ஒன்றை விரித்தால், அது முழுக்க அமுங்கி முடிந்த பிறகும் பாண்டம் இறங்கிக்கொண்டிருக்கும்.

பபிள் ராப், ஃபோம், பேப்பர்

அடியை வாங்குவதில் பபிள் ராப் முன்னணியில் நிற்கிறது. 1957இல் ஆல்ஃபிரட் ஃபீல்டிங்கும் மார்க் ஷவானும் அதைச் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகத்தான் முதலில் உருவாக்கினார்கள். பொதியாக அது பேர் வாங்கியது பிறகு, ஐபிஎம் 1401 கணினிகளை அனுப்பியபோது. இன்று எளிதாகக் கிடைப்பவை 5 மி.மீ. அளவுள்ள சிறு குமிழும் 12 மி.மீ. அளவுள்ள பெருங்குமிழும். சிறுகுமிழ் கீறல் விழாமல் காக்கும், கைப்பிடி, மூக்கு போன்ற இடுக்குகளில் நன்றாக வளையும். அடி வாங்க அது போதாது. பெருங்குமிழ்தான் அடி வாங்கும். ஆகவே முதலில் சிறுகுமிழ் ஒரு சுற்று, அதன்மேல் பெருங்குமிழ் இரண்டு மூன்று சுற்று. குமிழ்ப் பக்கம் பொருளைப் பார்த்திருக்கட்டும். இழுத்து இறுக்கி டேப் ஒட்டினால் குமிழ்கள் முன்கூட்டியே நசுங்கிவிடும். நகராத அளவுக்குச் சுற்றினால் போதும். தங்கப் பூச்சு, அரக்கு, பழைய வண்ணம் உள்ள பொருட்களில் பிளாஸ்டிக் நேரடியாகப் பட்டால் குமிழின் வட்டத்தடம் பதியும். அங்கே முதல் சுற்று டிஷ்யூ பேப்பராக இருக்க வேண்டும்.

ஃபோம் ஷீட் தட்டுக்குத் தட்டு இடையில் வைக்க மிகச் சிறந்தது, வேறெதற்கும் அவ்வளவாக இல்லை. 1 முதல் 3 மி.மீ. தடிமனில் உரசலைத் தடுக்கும், அவ்வளவுதான்.

கசக்கிய பிரவுன் பேப்பரைப் பலர் ஏழைகளின் பபிள் ராப் என்று நினைப்பது அதற்குச் செய்யும் அநியாயம். பிடித்து வைக்கும் வேலையில் அது பபிள் ராப்பை மிஞ்சும்: மடிப்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் பொருள் நழுவாது. குறை வேறு இடத்தில். ஒருமுறை நசுங்கிய பேப்பர் திரும்ப எழாது. கனமான பொருளோடு நாலைந்து முறை விழுந்த பிறகு அந்தப் பக்கம் இடைவெளி விழுந்துவிடும். ஒரு கிலோவுக்குள் இருக்கும் பொருளுக்குப் பேப்பர் மட்டுமே போதும். அதற்கு மேல் அடியில் பெருங்குமிழ், பக்கங்களில் பேப்பர். தாளை உருட்டி வைக்காமல் நீளவாக்கில் கசக்கி, முழங்கை மடிப்புப்போல் வளைத்து அடைப்பது நல்லது. உள்ளங்கையால் அழுத்தினால் எதிர்த்துத் தள்ள வேண்டும். செய்தித்தாளும் வேலை செய்யும், ஆனால் மை மெருகில்லாத பீங்கானில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பொருளைத் தொடாத வெளி அடுக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தெர்மாகோல் துண்டுகளும் காற்றுப் பைகளும் வேறு ரகம். பார்க்க நிறைய இடத்தை அடைக்கும், எடை கூடாது. ஆனால் லாரியின் அதிர்வில் துண்டுகள் நகர, கனமான பொருள் மெல்ல மெல்ல அடித்தளத்தில் போய் உட்காரும். மூடி லேசாக உப்பும் அளவுக்கு நிரப்பி அழுத்தி மூடினால் ஓரளவு தப்பிக்கலாம். மாவுச்சத்தில் செய்த துண்டுகள் ஈரம் பட்டால் கரைந்துவிடும். காற்றுப் பையில் ஒரு முனை குத்தினால் அந்த இடம் முழுவதும் காலி. இரண்டையும் லேசான பொருளுக்கு வெற்றிடம் நிரப்ப மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒற்றைப் பெட்டியா, ரெட்டைப் பெட்டியா?

செலவு ஏறுவதும் பொருள் பிழைப்பதும் இங்கேதான் முடிவாகிறது. ஒற்றைப் பெட்டியில் எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. பொதி வேண்டும். ரெட்டைப் பெட்டி முறையில் பொருள் உள்பெட்டியில் 3 செ.மீ. பொதியோடு அமர்கிறது, உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே ஆறு பக்கமும் 7 செ.மீ. இடைவெளி.

20 செ.மீ. கனசதுரப் பொருளுக்கு ஒற்றைப் பெட்டி 30 செ.மீ. அளவில் முடியும், ரெட்டை முறையில் வெளிப்பெட்டி 40 செ.மீ. ஆகும். விரைவு கொரியர்கள் பலவும் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுத்து வால்யூமெட்ரிக் எடை போடுகின்றன. அதன்படி முதலாவது 5.4 கிலோ, இரண்டாவது 12.8 கிலோ. பொருள் 1 கிலோதான் என்றாலும் கட்டணம் இந்த வால்யூமெட்ரிக் எடைக்குத்தான். கெட்டியான மக், ஊறுகாய் ஜாடி போன்றவற்றுக்கு இதைச் செலவழிப்பது வீண். நல்ல 5 ப்ளை (ஐந்து அடுக்கு அட்டை) ஒற்றைப் பெட்டியே போதும். மெல்லிய பீங்கான், துருத்தும் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி, திரும்பக் கிடைக்காத பழம்பொருள் என்றால் ரெட்டைப் பெட்டியைத் தவிர்க்கவே கூடாது.

ரெட்டைப் பெட்டி தோற்பதற்கு வழக்கமான காரணம், உள்பெட்டியை இறுக்கமாக வெளிப்பெட்டிக்குள் திணிப்பது. ஒரு செ.மீ. இடைவெளியில் இரண்டாவது பெட்டி தடித்த அட்டை மட்டுமே. அடிப்பக்கத்தை மறப்பது அடுத்தது.

பெட்டியைப் பொறுத்தவரை 3 ப்ளை சுமார் 3–4 மி.மீ., 5 ப்ளை சுமார் 6–7 மி.மீ. அட்டையின் உள்ளே இருக்கும் நெளிவு வரிகள் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் மேலே அடுக்கும் பாரத்தைத் தாங்கும். அந்தப் பாரத்தில் பெரும்பங்கை மூலைகள்தான் சுமக்கின்றன. எனவே மூலை நசுங்கிய பழைய பெட்டி பார்க்க நன்றாக இருந்தாலும் வேண்டாம். ஈரம் ஏறிய அட்டையும் வெகுவாகப் பலமிழக்கும்.

படுக்கையா, நிறுத்தியா?

தட்டுகளைப் படுக்கையாக அடுக்குவது இயல்பாகத் தோன்றும், ஆனால் அடி விழும்போது மேல்தட்டுகளின் பாரம் எல்லாம் கீழ்த்தட்டின் நடுவில் வளைவாக இறங்குகிறது. விளிம்பில் நிறுத்தி வைத்தால் ஒவ்வொன்றும் தன் பாரத்தை மட்டுமே சுமக்கும். தண்டுள்ள கிளாஸில் கிண்ணத்துக்குள் பேப்பரை லேசாக நிரப்பி, தண்டைச் சுற்றி அடிப்பாகத்தின் அகலம் வரும்வரை சுற்ற வேண்டும். டீபாட் மூடியைத் தனியே சுற்றித் தனி இடத்தில் வைக்கவும். சட்டமிட்ட கண்ணாடியில் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டலாம். அது உடைவதைத் தடுக்காது. உடைந்த சில்லுகள் படத்தைக் கிழிக்காமல் பிடித்து வைக்கும். அக்ரிலிக்கில் ஒட்டாதீர்கள், கறை நிற்கும்.

டேப்பில் பெரிய போட்டி இல்லை. 48 மி.மீ. பிரவுன் டேப் நடு மடிப்பிலும் இரு ஓரங்களிலும், மேலும் கீழும். ஒவ்வொரு முனையும் பக்கவாட்டில் 6–7 செ.மீ. இறங்கட்டும். நனைத்து ஒட்டும் பேப்பர் டேப் அட்டையோடு நன்றாக இறுகிக்கொள்ளும், பிரித்தால் தெரிந்துவிடும்; விலை உயர்ந்த பொருளுக்கு அதுவே மேல். செல்லோ டேப் வேண்டாம். "உடையும் பொருள்" ஸ்டிக்கர் ஒட்டலாம், தவறில்லை. ஆனால் வரிசைப்படுத்தும் இயந்திரப் பட்டைக்குப் படிக்கத் தெரியாது.

எந்த முறையைத் தேர்ந்தாலும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடலாம். இஸ்டா 1ஏ எனும் சோதனை முறையில் 10 கிலோவுக்குள் உள்ள பெட்டி 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை விழுகிறது: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம். அதே எடையுள்ள உதவாத பொருளை உள்ளே வைத்துச் செய்து, பெட்டியைத் திறந்து, பொருள் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கீழே இறங்கியிருந்தால் அடிப்பொதி நசுங்குகிறது, அங்கே பெருங்குமிழைக் கூட்ட வேண்டும். பக்கவாட்டில் போயிருந்தால் பேப்பர் குறைவு. பொருள் இருந்த இடத்திலேயே இருந்து விரிசல் மட்டும் விட்டிருந்தால் பொதி கெட்டியாகிவிட்டது, குறையுங்கள்.