கும்பகோணத்தில் ஒரு டைப்ரைட்டிங் வகுப்பு: சேரலாமா?

மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் நடக்கிறது இந்த வகுப்பு. மெஷின்கள் பழசு, இரண்டில் ரிப்பன் ஒழுங்காகச் சுற்றாது. அதற்காக மார்க்கைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனாலும் இங்கே சேரலாம். காரணம், தாள் திருத்தும் விதம்.

வேறு வகுப்புகளில் தப்பான எழுத்துக்கு வட்டம் போட்டு, கீழே மொத்தம் 14 என்று எழுதித் தருவார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்யும்? மறுநாளும் 14தான். இங்கே டீச்சர் வட்டத்தோடு காரணத்தையும் எழுதுகிறார். ‘ஏ’ மங்கலாக விழுந்தால், ‘இடது சுண்டுவிரலில் பலமில்லை’. கேப்பிட்டல் எழுத்து வரியை விட்டு விலகி நின்றால், ‘ஷிப்ட் முழுதாக அமுங்கவில்லை’. வரித் தொடக்கம் மார்ஜினைத் தாண்டி உள்ளே போனால், ‘கேரேஜைக் கடைசிவரை தள்ளவில்லை’ (கேரேஜ் என்பது தாளைத் தாங்கி நகரும் உருளைப் பகுதி). எழுத்தைத் தாளில் பதிக்கும் கம்பிகள் சிக்கிக்கொண்டால் தாளம் பிசகியது என்று அர்த்தம்: முதல் கம்பி இறங்குமுன் அடுத்தது எழும்பியிருக்கிறது.

தாளில் தெரியாத தப்பும் உண்டு. கீயைக் குனிந்து பார்த்து அடிப்பவரின் தாள் சுத்தமாகவே இருக்கும், ஸ்பீடுதான் ஏறாது. அதனால் டீச்சர் பின்னால் நின்று கையையும் கண்ணையும் கவனிக்கிறார். சொல்வதைப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்கிறார். ஹால் முழுக்கக் கேட்கும்படி இல்லை.

எத்தனை தப்பு இருந்தாலும் மறுநாளைக்குத் திருத்திக்கொள்ள ஒன்றே ஒன்றுதான், அதிகம் வருவது எதுவோ அது. சுண்டுவிரல் என்றால் முதல் பத்து நிமிடம் அந்த விரலுக்கான பயிற்சி, பிறகுதான் பாசேஜ். பாராட்டும் இதே கணக்கில்: ‘நேற்று ஷிப்டில் 6, இன்றைக்கு 2’. வெறும் ‘வெரிகுட்’ கிடையாது. சிலருக்கு இது வறட்சியாகத் தோன்றலாம்.

லோயர் என்னும் கீழ்நிலை டைப்ரைட்டிங் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை. ஐந்து தட்டு ஒரு வார்த்தை என்பதால் பத்து நிமிடத்தில் 1,500 தட்டு. தப்பு குறையும்வரை கடிகாரம் வைத்து அடிக்க விடுவதில்லை. பெற்றோர் சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. டீச்சர் செய்வதுதான் சரி. தப்போடு ஏறிய ஸ்பீடை இறக்கிச் சரிசெய்வது பெரும்பாடு.

குறை ஒன்று. தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வருவதால், ஜனவரியிலும் ஜூலையிலும் கூட்டம் நெரிகிறது. அப்போது இங்கேயும் வட்டமும் எண்ணும்தான், மாலை பேட்சில் அதுவும் மறுநாள்தான் கிடைக்கும். மார்ச்சிலோ செப்டம்பரிலோ காலை பேட்சில் சேருங்கள். திருத்திய தாள்களைத் தேதிவாரியாக ஃபைலில் வைத்திருங்கள். டீச்சர் பழைய தாளைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பார்.