சர்க்கரையை ‘ரிவர்ஸ்’ செய்கிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

ரத்தப் பரிசோதனையில் ப்ரீடயாபடீஸ் (நீரிழிவுக்கு முந்தைய நிலை) என்று வந்து, அந்தப் பயத்தோடு இணையத்தில் உணவுத் திட்டம் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூன்று மாதத்தில் சர்க்கரையை இயல்பு நிலைக்குக் கொண்டுவருவோம் என்று உத்தரவாதம் கொடுத்த ஓர் ஆன்லைன் திட்டத்துக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். கிடைத்தது எல்லாருக்கும் அனுப்பும் ஒரே உணவுப் பட்டியல், டப்பா டப்பாவாகப் பவுடர், கடைசியில் ‘நீங்கள் ஒழுங்காகப் பின்பற்றவில்லை’ என்ற பழி. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே முறையில் விற்பவர்கள் பல பேர் இருக்கிறார்கள், அதனால் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

அவர்கள் செய்ததில் மிக மோசமானது பவுடர்கூட இல்லை. தங்கள் திட்டம் வேலை செய்கிறதா என்பதை எந்த எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். மற்ற எல்லா ஏமாற்றும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் அந்த எண்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்குப்படி எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை, அல்லது வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 மி.கி. வரை இருந்தால் ப்ரீடயாபடீஸ். 6.5 சதவீதமோ 126 மி.கி.யோ தொட்டால் நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவுக்கு 110-இல்தான் கோடு போடுகிறது. ஆக 103 என்று வந்த ஒருவர் ஒரு கணக்கில் எல்லைக்குள்ளும் இன்னொரு கணக்கில் வெளியிலும் இருக்கிறார். எனக்கு எச்பிஏ1சி 6.0, வெறும் வயிற்றில் 111. கவனிக்க வேண்டிய நிலைதான், ஆனால் அவசரப்பட்டு யாரிடமும் போய் விழ வேண்டிய நிலை இல்லை. திட்டத்தின் ‘கோச்’ என்னிடம் பேசிய முதல் அழைப்பிலோ கண் போகும், கால் போகும், சிறுநீரகம் போகும் என்பது மட்டும்தான் பேச்சு. இன்று இரவுக்குள் சேர்ந்தால்தான் சலுகை என்றும் சொன்னார்கள். நோயைச் சொல்லிப் பயமுறுத்துவதும் நேரக்கெடு வைப்பதும் ஒரே வாயிலிருந்து வந்தால் அங்கேயே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

‘உங்களுக்கென்றே தயாரித்த திட்டம்’ என்றார்கள். அதற்காக நிரப்பச் சொன்ன படிவத்தில் வயது, உயரம், எடை, பிடித்த உணவு, பிடிக்காத உணவு. அவ்வளவுதான். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது, ரத்த அழுத்தம் உண்டா, கொழுப்பு அளவு என்ன, ரத்தசோகை உண்டா, எதையும் கேட்கவில்லை. இதில் ஒவ்வொன்றும் முக்கியம். சிறுநீரகப் பாதிப்பு இருப்பவருக்குப் புரதத்தை அள்ளிக் கொடுக்கக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் வகை ரத்தசோகையில் அதுவே குறைவாகக் காட்டும். அந்த எண் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைத்தானே அளக்கிறது. அப்புறம் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கான அரட்டைக் குழுவில் இன்னொருவரோடு பேசிப் பார்த்தபோது, அவருக்கும் எனக்கும் வந்த பட்டியல் ஒரு சொல் மாறாமல் ஒன்றாக இருந்தது. அவருக்கு வயதும் எடையும் வேறு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் சாப்பிடுகிறார்.

பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். காலை உணவுக்குப் பதில் அதைக் கரைத்துக் குடிக்க வேண்டும். டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியலின் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். பெரும்பாலான நாடுகளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். முதலில் இருப்பதுதான் டப்பாவில் அதிகம் இருப்பது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் வெள்ளைப் பொடி. பெரிதாக இனிக்காது, ஆனால் குடலுக்குப் போனதும் வேகமாகக் குளுக்கோஸாக மாறும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் அது நாம் டீயில் போடும் சர்க்கரையையே மிஞ்சும். லேபிள் கணக்கில் அது சர்க்கரை என்ற தலைப்பில் வராது என்பதால் முன்பக்க வாசகம் பொய்யென்றும் ஆகாது. சர்க்கரையைக் கட்டுப்படுத்த வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

வீட்டுக் குளுக்கோமீட்டரில் தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து, குழுவில் படம் போடச் சொன்னார்கள். சாப்பிட்ட பிறகு பார்க்கவே கூடாது, ‘உடல் நச்சை வெளியேற்றும்போது தற்காலிகமாக ஏறும், பார்த்தால் மனசு கெடும்’ என்றார்கள். நான் பார்த்தேன். பவுடர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 168. நான் வழக்கமாகச் சாப்பிடும் காலை உணவுக்குப் பிறகு அந்த அளவுக்குப் போனதில்லை. ஒரு தடவை பார்த்து முடிவு கட்டவில்லை, வேறு வேறு நாட்களிலும் அப்படியேதான் ஏறியது. கேட்டதற்குப் பதில் வரவில்லை. என் செய்தியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

வெறும் வயிற்று எண்ணை மட்டும் அவர்கள் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம், 2013-இல் திருத்திய ஐஎஸ்ஓ 15197, நூறில் தொண்ணூற்றைந்து அளவீடுகள் உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது (100 மி.கி.க்குக் கீழே என்றால் 15 மி.கி.க்குள்). ரத்தத்தில் உண்மையாக 108 இருந்தால் நல்ல மீட்டரே 92 என்றும் காட்டலாம், 124 என்றும் காட்டலாம். தூக்கம் கெட்டால், சளி பிடித்தால், மனக்கவலை இருந்தால் சர்க்கரையே மாறவும் செய்யும். இப்படி ஏறி இறங்கும் எண்ணில் ஏறிய நாள் ஒன்றையும் இறங்கிய நாள் ஒன்றையும் எடுத்து வரைபடம் போட்டால் யாருக்கும் ‘முன்னேற்றம்’ காட்டலாம். எனக்கு அப்படித்தான் 113-இலிருந்து 104 என்று வாழ்த்துப் படம் அனுப்பினார்கள். அதை மற்றவர்களுக்கு விளம்பரமாகவும் காட்டினார்கள்.

திட்டம் முடிந்து ஆய்வகத்தில் பார்த்தபோது எச்பிஏ1சி 6.1. 0.1 கூடியதற்குத் தனியாக அர்த்தமில்லை, ஆனால் குறையவில்லை என்பது நிச்சயம். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்வது, அதனால் மூன்று மாதத் திட்டத்துக்குப் பொருத்தமான பரீட்சை அதுதான். அதற்கு அவர்கள் தந்த பதில், ‘அது காலாவதியான டெஸ்ட்’. சேரும்போது இதே டெஸ்டின் 6.0-ஐக் காட்டித்தான் என்னைப் பயமுறுத்தினார்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டாம் மாதம் ‘இயற்கை மூலிகை கேப்சூல்’ என்று ஒரு பாட்டில் வந்தது. சேர்மானப் பட்டியலே இல்லை. என் மருத்துவரிடம் காட்டினேன், தொடவே வேண்டாம் என்றார். இயற்கை என்று விற்கப்படும் சர்க்கரைக் கேப்சூல்களில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மருந்துகளை லேபிளில் சொல்லாமல் கலந்திருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. கிளிபென்கிளமைடு தெரியாமல் உள்ளே போனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம்வரை போகும். இப்படி ஏதாவது வாங்கி வைத்திருந்தால் இன்றே மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். இதைச் சாப்பிட்டால் போதும் என்று யார் சொன்னாலும் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சரி, அப்போது எந்த உணவு முறைதான் நல்லது? விற்பவர்கள் எல்லாரும் தங்களுடையது ஒன்றுதான் வழி என்கிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர். அதில் ஒரு குழுவுக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற பயிற்சி, கொழுப்பையும் கலோரியையும் குறைத்த சாதாரண உணவு. சராசரியாக மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில், நீரிழிவுக்குப் போவது அந்தக் குழுவில் 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட குழுவில் 31 சதவீதம். அதற்கு முந்தைய வருடம் வெளியான, பின்லாந்தில் 522 பேரிடம் செய்த ஆய்விலும் உணவும் உடற்பயிற்சியும் தந்த பலன் அதே 58 சதவீதம்தான். இவற்றின் அடிப்படை பவுடர் இல்லை, நச்சு நீக்கமும் இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, எல்லாருக்கும் பொருந்தும் ஒரே மாவுச்சத்து அளவு கிடையாது என்று தெளிவாகச் சொல்கிறது. மாவுச்சத்து குறைந்த முறை, மத்தியதரைக் கடல் முறை, கொழுப்பு குறைந்த முறை, சைவ முறை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது. மாவுச்சத்து குறைந்த காய்களும் கீரையும் நிறைய, சேர்த்த சர்க்கரையும் சலித்துத் தீட்டிய தானியமும் குறைவு, தொழிற்சாலையில் பக்குவம் செய்ததற்குப் பதில் முழு உணவு.

அதனால் எந்த முறை என்பதைவிட, எதை உங்களால் வருடக்கணக்கில் சாப்பிட முடியும், எது உங்கள் மற்ற உடல் நிலைகளோடு ஒத்துப்போகும் என்பதுதான் கேள்வி. மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ முறை சிலருக்குச் சர்க்கரையை நன்றாகவே குறைக்கிறது. சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு வேகமாக ஏறுகிறது. மாவுச்சத்தை மிகவும் குறைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்குப் போனால் அளவு பொய்யாக ஏறிக்காட்டலாம். அதற்கு முன் மூன்று நாள் தினமும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்காமலே இதையெல்லாம் சொல்பவரிடம் போங்கள்.

பிறகு நான் போன பதிவு பெற்ற டயட்டீஷியன் முதல் சந்திப்பில் எதையும் விற்கவில்லை. எல்லா ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்றுகூடக் கேட்டார். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம், இனிப்புப் பானங்களுக்கு முழு விடுப்பு, சாப்பிட்டதும் சிறு நடை. எந்த உணவையும் விஷம் என்று சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுத்துப் பார்ப்போம், குறையவில்லை என்றால் திட்டத்தை மாற்றுவோம் என்று தொடக்கத்திலேயே சொன்னார். தன் வேலையைச் சோதிக்கும் எண்ணையும் நாளையும் அவரே முன்கூட்டிச் சொன்னது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பல நாடுகளில் டயட்டீஷியன் என்று போட்டுக்கொள்ள முறையான படிப்பும் பதிவும் வேண்டும். ‘ஹெல்த் கோச்’ என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் காட்டினார்கள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் படமெடுத்துப் பதிவேற்றியிருக்க வேண்டும், பவுடர் ஒரு நாள்கூட விட்டிருக்கக் கூடாது, அப்போதுதான் உத்தரவாதம் செல்லும். காய்ச்சலில் படுத்திருந்த நாட்களைச் சுட்டிக்காட்டி மறுத்துவிட்டார்கள். அதன் பின் என்னைக் குழுவிலிருந்து நீக்கியதால் பழைய உரையாடல்கள் என் கைக்கு எட்டாமல் போயின. கார்டு வழியாகக் கட்டியதால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் இரண்டு ஆய்வக ரிப்போர்ட்டும்தான் என் கையில் உள்ள சாட்சி. இதே போன்ற திட்டத்தில் இப்போது இருப்பவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கும் முன்பே உத்தரவாத வாசகம், ரசீது, கோச் எழுதிய செய்திகள், டப்பாவின் பின்பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்துத் தனியாகச் சேமித்துவிடுங்கள். வங்கிப் புகாருக்குக் காலக்கெடு உண்டு, திட்டம் முடியட்டும் என்று காத்திருந்தால் அது கடந்துவிடலாம்.