ஆறு வருஷமாக லாம்ப்ஸில் சிமெண்ட் படிகங்களோடு மல்லுக்கட்டிய கதை

லாம்ப்ஸ் (LAMMPS) என்பது அணுக்கள் எப்படி அசைகின்றன என்று கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் நிரல். அதைப் பழக இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி, தாமிரம், ஆர்கான் என்று சாதுவான பொருள்களோடு முடிந்துவிடும். நான் ஆறு வருஷமாக அதில் ஓட்டுவது சிமெண்ட் கிளிங்கரின் (சூளையில் சுட்டெடுத்து, அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டிகள்) முக்கியக் கால்சியம் சிலிக்கேட்டுகளான ஏலைட், பீலைட் படிகங்களை, அதிலும் அவற்றின் குறைகளை: ஓர் அணு இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடப்பது, ஒரு வரிசையே நழுவி டிஸ்லொகேஷன் ஆவது. தண்ணீர் பட்டதும் ஏலைட்டில் குழி விழத் தொடங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

நிரல் இலவசம். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் உருவாகி, 2004 முதல் திறந்த மூலமாக இருக்கிறது. லேப்டாப்பில் எழுதிய ஸ்கிரிப்ட், பல கணினிகளை இணைத்த கிளஸ்டரிலும் அப்படியே ஓடும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், சொன்னதைத் தட்டாமல் செய்யும். ஏலைட்டில் ஒரு சிலிக்கேட் தொகுதிக்கு (ஒரு சிலிக்கனும் அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜனும்) 3 கால்சியம், கூடவே சிலிக்கனோடு சேராத ஒரு தனி ஆக்சிஜன் அயனி. முதல் வருஷம் ஒரு கால்சியத்தை மட்டும் எடுத்துவிட்டு, காலியிடம் உண்டாக எவ்வளவு ஆற்றல் ஆகிறது என்று கணக்குப் போட்டேன். ஓடியது, எண் வந்தது, பார்க்கவும் நன்றாக இருந்தது. அணுக்களை அடைத்து ஓட்டும் பெட்டியை (எல்லாப் பக்கமும் அதன் நகல்களே அடுக்கியிருப்பதாகக் கணக்கு) இரண்டு மடங்காக்கி ஓட்டினால் வேறு எண், இன்னும் பெரிதாக்கினால் இன்னொரு எண். மூன்று வாரம் பொட்டென்ஷியலை, அதாவது அணுக்களுக்கு இடையிலான விசையைத் தரும் சூத்திரத்தை, குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் லாக் ஃபைலின் நடுவில் ஒரே ஒரு வரி கண்ணில் பட்டது: அமைப்பு மின்நடுநிலையில் இல்லை, நிகர மின்னேற்றம் -2. அது எச்சரிக்கைதான், பிழை இல்லை, அதனால் ரன் நிற்கவில்லை. ஒரு காலியிடமும் பக்கத்துப் பெட்டிகளில் இருக்கும் அதன் நகல்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்திருக்கின்றன. கால்சியத்தோடு அந்தத் தனி ஆக்சிஜனையும் சேர்த்து எடுத்தேன், எண் அடங்கியது. நிரல் சொல்லியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

டிஸ்லொகேஷன் இதைவிடப் படுத்தும். பெட்டியின் வலப்புறம் வெளியேறும் அணு இடப்புறம் உள்ளே வர வேண்டும், ஆனால் ஒற்றை ஸ்க்ரூ டிஸ்லொகேஷன் (அணு அடுக்குகள் திருகுபோல் சுற்றி ஏறும் வகை) வைத்தால் இரண்டு பக்கமும் பொருந்தாது. ஒன்று, எதிரெதிர் ஜோடியாக வைக்க வேண்டும். இல்லையென்றால் உருளையாக வெட்டி வெளி அடுக்கை அசையாமல் பிடித்துவைக்க வேண்டும். வெட்டும்போது சிலிக்கேட் நான்முகி எதுவும் பாதியில் அறுபடக் கூடாது, அறுந்தால் மறுபடி அதே மின்னேற்றத் தலைவலி. அணுக்களைப் படமாகக் காட்டும் ஓவிட்டோ நிரலில் டிஸ்லொகேஷனைத் தானாகவே கண்டுபிடித்துக் கோடு போடும் வசதி இருக்கிறதே என்று ஆசையாகப் போகாதீர்கள். அது உலோகங்களிலும் வைரத்திலும் வரும் எளிய அமைப்புகளுக்கு. பீலைட்டுக்கு நாமேதான் அண்டை அணுக்களை எண்ணி, இடமாற்றத்தைக் கணக்கிட்டு வரைய வேண்டும்.

கால அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபெம்டோ செகண்ட் அடி வைத்தால் ஒரு நானோ செகண்டுக்கே 10 லட்சம் அடி. சிமெண்ட் இறுகி 28 நாளில் எட்டும் வலிமையை இதில் பார்க்கலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள்.

புதிதாக வருபவர்கள் ஏலைட்டில் கை வைக்கும் முன் சுட்ட சுண்ணாம்பில், அதாவது கால்சியம் ஆக்சைடில், பழகுங்கள். உப்புக்கல் போன்ற அமைப்பு, திரும்பத் திரும்ப வரும் அலகு அறையில் 8 அணுக்கள்தான். ஒரு கால்சியம், ஒரு ஆக்சிஜன் இரண்டையும் எடுத்துவிட்டு, பெட்டியை மூன்று அளவுகளில் ஓட்டி, லாக் ஃபைலை முழுதாகப் படியுங்கள்.