காடை மெஷின் + 100 முட்டை: 6,500 ரூபாய் போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்க

காடை முட்டை 17, 18 நாளில் பொரிந்துவிடும். 20 நாள் வரை விட்டுப் பார்த்தாச்சு. மிச்ச முட்டையை எல்லாம் நேற்று ராத்திரி வெள்ளைத் தட்டில் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கை இன்னும் நாறுது.

வாங்கினது ஆன்லைனில், வீடியோ போட்டு விற்கிற ஒரு ஆளிடம். முட்டை பொரிக்கிற மெஷின் (இன்குபேட்டர்) 5,000, கரு முட்டை, அதாவது ஆண் சேர்ந்து போட்ட, குஞ்சு பொரியக்கூடிய முட்டை 100-க்கு 1,500. மொத்தம் 6,500 ரூபாய், முழுசும் முன்பணம். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஏரியால கரண்ட் எவ்ளோ நேரம் சார் போகும்?" இதைக் கேட்கிறவருக்குத் தொழில் தெரியும் என்று நம்பினேன். அங்கேதான் விழுந்தேன். "80 பொரியும், நான் கேரண்டி" என்றார். போனை வைத்ததும் பணம் போய்விட்டது.

வந்தது என்ன? "காடை ட்ரே" என்று சொன்னது கோழி முட்டை ட்ரே. 10, 12 கிராம் முட்டை அந்தக் குழியில் படுத்துக்கொள்கிறது, ட்ரே சாய்ந்தாலும் அது திரும்புவதில்லை. 14-ஆம் நாள் வரை தினம் மூன்று வேளை கையால்தான் திருப்பினேன். டிஸ்பிளே 37.7 டிகிரி காட்டும்போது முட்டை மட்டத்தில் வைத்த தெர்மாமீட்டரில் 36.2. முட்டை வைப்பதற்கு முன்பே இதைப் பார்த்து 37.5-க்குச் சரிசெய்தேன். ஈரப்பதம் முதலில் 55 முதல் 60 சதவீதம், கடைசி மூன்று நாள் 65-க்கு மேல்.

7 முட்டை கூரியரிலேயே விரிசல். மீதி 93-ஐ 12 மணி நேரம் கூர்முனை கீழே நிறுத்தி வைத்துவிட்டு அடை வைத்தேன். கணக்கு இது: 81 கூமுட்டை, கரு வளர்ந்த அடையாளமே இல்லை. 6-இல் ரத்த வளையம், அதாவது கரு வளர ஆரம்பித்து நடுவில் செத்தது. 2 முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்தது. பொரிந்தது 4.

போன் பண்ணினால், "ஈரப்பதம் நீங்க சரியா வைக்கல சார்." மறுநாள், "கரண்ட் போயிருக்கும்." அப்புறம், "முட்டை உங்க கைக்கு வந்த பிறகு எங்க பொறுப்பு இல்ல." இப்போ நீல டிக் விழுது, பதில் இல்லை.

அவர் மறைக்கிற விஷயத்தை உடைத்த முட்டையே சொல்லிவிடும். ஈரப்பதம் தப்பினால் கடைசியில் குஞ்சு ஓட்டுக்குள் சாகும். நடுவில் சூடு ஏறி இறங்கினாலோ, முட்டை பழசாக இருந்தாலோ ரத்த வளையம் தெரியும். 20 நாள் சூட்டில் இருந்தும் மஞ்சள் கரு மட்டும் தளர்ந்து, ஒரு ரத்தப் புள்ளிகூட இல்லை என்றால் பெரும்பாலும் அதில் ஆண் காடையே சேரவில்லை; கரு ரொம்ப ஆரம்பத்திலேயே செத்திருந்தாலும் இப்படித் தெரியலாம், ஆனால் 81-ம் அப்படியா? பெட்டைக் காடை ஆண் இல்லாமலே முட்டை போடும். சாப்பாட்டுக்கு முட்டை எடுக்கிற கூண்டில் ஆணை விடமாட்டார்கள். கடைக்குப் போகிற அந்த முட்டையைத்தான் கொஞ்சம் கரு முட்டையோடு கலந்து என் தலையில் கட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். 81-க்கும் என் மெஷின் ஓட்டினதுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. 6,500 ரூபாய் ஒரே தவணையில் கொடுக்காதீங்க. மெஷினையும் முட்டையையும் ஒரே ஆளிடம் வாங்காதீங்க. பண்ணைக்கு நேரில் போய் மூன்று பெட்டைக்கு ஒரு ஆண் இருக்கா என்று பாருங்க. நெஞ்சு புள்ளி இல்லாமல் செம்பழுப்பாக இருந்தால் ஆண், புள்ளி புள்ளியாக இருந்தால் பெட்டை. முட்டை போட்டு ஒரு வாரம் தாண்டியிருந்தால் வேண்டாம். புள்ளி ஓட்டில் டார்ச் அடித்தால் உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது, அதனால் வந்த அன்றே நாலைந்தை உடைத்துப் பாருங்க. மஞ்சள் கரு மேல் வெள்ளை வளையம் இருந்தால் கரு முட்டை, வெறும் சின்ன வெள்ளைப் பொட்டு என்றால் இல்லை. உடைப்பதை வீடியோ எடுத்து வையுங்க.

பொரிந்த 4-ம் பல்புக்கு அடியில் இருக்கு. மூழ்கிச் சாகாமல் இருக்கத் தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போட்டிருக்கேன். ஒரு குஞ்சு 1,625 ரூபாய்.