ஏரிக்கரை மனை: ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ நில ஆவணச் சேவை எதுவரை கைகொடுக்கும்?

‘லேக் வியூ’ என்று பலகை நட்டு மனை விற்பவரின் வரைபடத்தில் ஏரி நீல நிறத்தில், வெட்டி வைத்தாற்போல் ஓரத்தோடு இருக்கும். சேலத்து ஏரி எதற்கும் அப்படி ஓரம் கிடையாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதைச் சரிபார்க்க, வருவாய்த் துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவை இலவசமாகக் கிடைக்கிறது. கைப்பேசிக்கு ஓடிபி வந்தால் போதும். ஏரிக்கரை மனை என்ற ஒரே கோணத்தில் பார்த்தால் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

பட்டாவைப் பார்த்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். பட்டா யார் பெயர் என்பதைத்தான் சொல்லும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது புலப்படத்தில்தான், அதாவது சர்வே எண்ணின் அளவு வரைபடத்தில்தான் (எஃப்எம்பி) தெரியும். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்துப் புலப்படத்தை எடுங்கள். எல்லைக் கோட்டைச் சுற்றி அண்டை சர்வே எண்கள் எழுதியிருக்கும். ஒவ்வொன்றையும் ‘அ’ பதிவேட்டில் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு) போட்டுப் பாருங்கள். அரசுப் புறம்போக்கு என்று வந்து, குறிப்பில் ஏரி, ஓடை, வாய்க்கால் என ஏதாவது இருந்தால் அது கரையோர மனை. பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் வரும்: 0-40.50 என்றால் ஒரு ஏக்கர். ஒரு ஏர் 2.47 சென்ட். படத்தை அச்சிட்டு ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். தாளுக்குள் அடங்கும்படி பிரிண்டர் சுருக்கிவிட்டால் அளவு விகிதம் போச்சு. கோட்டின் மேல் எழுதியுள்ள மீட்டர் எண்தான் கணக்கு. மாநகரப் பகுதி என்றால் வார்டு, பிளாக் கொடுத்து நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

இதுவரை சேவை அருமை. இதற்கு மேல்தான் சிக்கல்.

‘அ’ பதிவேடு காட்டுவது அரசு நிலத்தின் எல்லையை. தண்ணீரின் எல்லை வேறு. பல ஏரிகளில் உள்வாயின், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பரப்பின், ஒரு பகுதி பட்டா நிலமாகவே இருக்கும். ஏரி நிரம்பினால் அங்கேயும் தண்ணீர் நிற்கும். ஆவணம் சுத்தமாக இருக்கும், மனை முழங்கால் தண்ணீரில் இருக்கும். ஏரி நிரம்பி நிற்கும் அந்த முழு நீர்மட்டம் எங்கே என்று பட்டா, புலப்படம், ‘அ’ பதிவேடு மூன்றில் எதுவும் சொல்லாது. குறைத்த ஒன்றரை மதிப்பெண் இதற்குத்தான்.

அந்த மட்டத்தைக் களத்தில் பிடிக்கலாம். ஏரி நிரம்பியதும் உபரித் தண்ணீர் வழியும் கட்டுமானம்தான் கலிங்கு; அதன் தலைமட்டமே முழு நீர்மட்டம். வெள்ளம் வழியும்போது தண்ணீர் அதற்கும் ஓரிரு அடி மேலே ஏறும். கலிங்குத் தலையிலிருந்து மனை வரைக்கும் சர்வேயரை வைத்து ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியில் மட்டம் எடுக்கச் சொல்லுங்கள். கொத்தனாரின் டியூப் மட்டம் ஒரு வீட்டுக்குச் சரி. நூறு இருநூறு மீட்டருக்கு மாற்றி மாற்றிப் பிடித்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். கலிங்கு உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்வாயில் இடம் வைத்திருப்பவர்கள் தண்ணீர் ஏறாமலிருக்க அதை உடைத்துவிடுவது உண்டு. உடைந்த மட்டத்தை நம்பி வீடு கட்டினால், கலிங்கைச் சீர்செய்த வருடம் செப்டிக் டேங்க் எதிர்த்து வரும். மூக்கனேரி மாதிரி, சேர்வராயன் சரிவின் தண்ணீர் இறங்கும் ஏரிகளில் கூடுதல் கவனம் வேண்டும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் விதிகள் இருக்கின்றன. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், ஏரியை அளந்து எல்லை குறித்து வரைபடமும் பதிவேடும் வைக்கச் சொல்கிறது. ஆனால் அது பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை) கட்டுப்பாட்டு ஏரிகளுக்குத்தான். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். அங்கே 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். ஈரநில விதிகள் 2017-ஐக் காட்டி ‘50 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை’ என்று சிலர் வாதாடுவார்கள். பாசனத்துக்கென வெட்டிய ஏரிகளை அந்த விதியின் வரையறையே விலக்கிவிடுகிறது, அதை நம்பி மனு எழுதினால் முதல் பதிலிலேயே விழும்.

ஏற்காட்டில் கதை வேறு. ஏரியும் காடும் சேர்ந்த பெயர் என்றாலும் அங்கே எஸ்டேட்டுக்குள் ஓடும் ஓடைதான் முக்கியம். புலப்படத்தில் மெல்லிய இரட்டைக் கோடாக இருக்கும், கண் தவறிவிடும். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் எல்லைக்குள் வருவதால், சமவெளியில் போதுமான அனுமதி அங்கே போதாது.

வாங்காதவர்களுக்கும் இந்தச் சேவை பயன்படும். உங்கள் ஊர் ஏரியின் புலப்படம், ‘அ’ பதிவேட்டு நகல், கலிங்குப் புகைப்படம் மூன்றையும் வைத்து, முழு நீர்மட்டத்தை அளந்து எல்லைக் கல் நடக் கோரும் தீர்மானத்தைக் கிராம சபையில் கொடுக்கலாம். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-இலும் கிராம சபை கூடுகிறது. ஏரியின் முழு நீர்மட்டம், பரப்பு, எல்லை வரைபடம் கேட்டு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுவும் போடலாம். பதிலுக்கு 30 நாள். ஆகவே ஜனவரி முடிவதற்குள் மனுவைப் போட்டுவிட்டால் பதிலைத் தீர்மானத்தோடு இணைத்துவிடலாம்.